இலையுதிர் காலத்துல பெரிய பூங்கா, வீல்சேர்ல: உங்க கேள்விகளுக்கு பதில்

இலை நிறம் மாறுற சீசன்ல பெரிய நகரப் பூங்காவுக்கு வீல்சேர்ல போறதப் பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம், கடிதங்கள் குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்த கேள்விகள சேர்த்து எடுத்திருக்கேன். நானும் வீல்சேர்லயே நடமாடுறவங்கறதால, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் விவரமா எழுதுறேன்.

அக்கா, அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு, கொஞ்ச தூரத்துக்கு மேல நடக்க முடியாது, வீல்சேர்ல வச்சு நான்தான் தள்ளணும். ஒரு பெரிய பொட்டானிக்கல் கார்டனுக்கு கூட்டிட்டுப் போக ஆசை. வெப்சைட்ல "வீல்சேர் வசதி உண்டு"ன்னு ஒரு வரி போட்டிருக்கு, அது போதுமா?

போதாதும்மா. கேட்ல படி இல்ல, ஒரு டாய்லெட் பெருசா இருக்கு, அவ்வளவு இருந்தாலே அந்த வரிய போட்டுடறாங்க. உள்ள போனா பாதி பாதை ஜல்லி, மீதி மேடு. அதனால ஒரு போன் பண்ணுங்க, இல்ல மெயில் போடுங்க, ஆனா "வசதி இருக்கா?"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்வாங்க. எந்தப் பாதை தார், எது ஜல்லி, எது மண்ணு, எந்த இடத்துல சரிவு, எவ்வளவு சரிவு, பெரிய டாய்லெட் எங்கெங்க இருக்கு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் எவ்வளவு தூரம், எந்த கேட் பக்கம் வண்டிய நிறுத்தினா நிறம் மாறுற மரங்களுக்கு கிட்டன்னு தனித்தனியா கேளுங்க. இப்படி கேட்டா போன எடுத்தவங்களுக்கு பதில் தெரியாம, உள்ள தோட்டத்துல வேலை செய்யற ஒருத்தர்கிட்ட குடுப்பாங்க. அவங்க சொல்றதுதான் உண்மையான பதில், ஏன்னா அந்தப் பாதையில தினமும் தள்ளுவண்டி தள்ளுறவங்க அவங்கதான்.

சரிவ எண்ணுல கேளுங்க. 1:12ன்னா ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம். அமெரிக்காவோட அணுகல் விதிகள்ல ரேம்புக்கு அதுதான் உச்ச வரம்பு, அதுலயும் 30 இஞ்ச் ஏறினதும் நின்னு இளைப்பாற சமதளம் ஒண்ணு இருக்கணும். 1:20க்கு மேல செங்குத்தா இருந்தா அது நடைபாதையில்ல, ரேம்புன்னே கணக்கு. உங்க அம்மாவ வச்சு 1:20ல நூறு மீட்டர் தள்ளிப் பாருங்க, இதெல்லாம் வெறும் எண்ணு இல்லன்னு உங்க தோள்பட்டை சொல்லும்.

ஊருக்கு ஊர் நிலம் வேற. லண்டன்ல இருக்கிற கியூ கார்டன்ஸ் ஆத்தங்கரையில இருக்கு, பெரும்பாலும் சமதளம்தான், ஆனா ரொம்ப பெருசு, தூரமே ஆள அசத்திடும். எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டன் 1670ல ஆரம்பிச்சது, அது பரப்புல சின்னதுதான், ஆனா மேட்டு நிலம், உள்ள ஏத்த இறக்கம் உண்டு. சின்ன தோட்டம்னா சுலபம்னு நினைச்சுட வேண்டாம்னு சொல்ல வந்தேன்.

நிறைய பெரிய தோட்டங்கள்ல வீல்சேர் இலவசமாவே தருவாங்க, சில இடத்துல மொபிலிட்டி ஸ்கூட்டர் கூட உண்டு, முன்னாடியே புக் பண்ணணும். கூட வர்ற உதவியாளருக்கு டிக்கெட் வேண்டாம்னு விடற இடங்களும் இருக்கு, கியூல அப்படித்தான். கேக்காம விட்டா யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க.

அப்புறம் முக்கியமான ஒண்ணு. முழு தோட்டத்தையும் பாத்துடணும்னு கிளம்பாதீங்க. ஒரு வட்டப் பாதை போதும். நல்ல பாதை, நல்ல மரங்கள், நடுவுல ஒரு டாய்லெட், உக்காந்து பாக்க ஒரு ஏரிக்கரை. அம்மாவோட நாள் மரத்தப் பாக்கறதுல போகணும், மேடு பள்ளத்த சமாளிக்கறதுல போகக் கூடாது.

நானே ரிம் புடிச்சு தள்ளிக்கிற மேனுவல் வீல்சேர் அக்கா. வெயில் காலத்துல பூங்கா எனக்கு பிரச்சனையே இல்ல, ஆனா இலை கொட்ட ஆரம்பிச்சா சக்கரம் வழுக்குது, முன் சக்கரம் மாட்டுது, கை விரைச்சுப் போகுது. போறதையே விட்டுட்டேன். என்ன பண்ணலாம்?

விடாதீங்க தம்பி, வருஷத்துலயே அழகான நாலஞ்சு வாரத்த விட்டுடறது பெரிய நஷ்டம்.

காஞ்ச இலையும் நனைஞ்ச இலையும் வேற வேற பிரச்சனை. காஞ்சது வழுக்காது, ஆனா மறைக்கும், பாதையோட ஓரம் எங்க முடியுது, எங்க ஒரு கல்லு தூக்கி நிக்குது, எங்க வடிகால் கம்பி இருக்கு எதுவும் தெரியாது. ஓக் மரத்துக்கு கீழ இலைக்கு அடியில கொட்டை கிடக்கும், சின்ன முன் சக்கரம் அதுல முட்டினா சேர் சட்டுன்னு நிக்கும், நீங்க முன்னாடி போவீங்க. ஸ்வீட்கம் மரத்தோட முள்ளு உருண்டைக் காயும் அதே வேலையத்தான் செய்யும். அந்த மாதிரி மரத்துக்கு கீழ வேகத்த குறைச்சு, உடம்ப கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு, முன் சக்கரத்து மேல பாரம் குறைவா வச்சு போங்க, இடுப்பு பெல்ட் இருந்தா போட்டுக்கங்க.

நனைஞ்சது நேரா வழுக்கும். மேல ஏறும்போது பின் சக்கரம் இருந்த இடத்துலயே சுத்தும், கீழ இறங்கும்போது அதவிட மோசம், ஏன்னா நம்ம பிரேக்கே உள்ளங்கைதான், ரிம் நனைஞ்சுட்டா கை புடிக்காது. நிறுத்தி வைக்கிற லாக்க போட்டு வேகத்த குறைக்க பாக்காதீங்க, சேர் கவுந்துடும். டயர் நனைஞ்சு சேறு ஒட்டியிருந்தா அந்த லாக்கும் சரியா புடிக்காது, அதனால சரிவுல நின்னு போட்டோ எடுக்கணும்னா சேர குறுக்கா திருப்பி நிறுத்துங்க. இலை மூடின சரிவு முன்னாடி வந்தா, எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் வேற பாதை தேடறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

பக்கவாட்டு சரிவ யாருமே பேசறதில்ல, எனக்கு அதுதான் பெரிய எதிரி. தண்ணி வடியறதுக்காக பாதைய ஒரு பக்கம் சாய்ச்சு போட்டிருப்பாங்க, நடக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது, நமக்கு சேர் அந்தப் பக்கமே இழுத்துட்டுப் போகும், ஒரு கைய மட்டும் வச்சு தள்ளித் தள்ளி அரை மணியில அந்தத் தோள் போயிடும். முன்ன சொன்ன அமெரிக்க விதிப்படி 48க்கு 1க்கு மேல சாயக் கூடாது, ஆனா பழைய தோட்டங்கள்ல அதெல்லாம் பாத்துப் போட்டதில்ல. போகும்போது ஒரு தோள் வலிச்சா திரும்பும்போது அதே பாதையில வாங்க, சாய்வு மறுபக்கம் வரும், அடுத்த தோள் வேலை செய்யும்.

நேரம் ரொம்ப முக்கியம். காலையில பனி, எல்லா இலையும் ஈரம். சாயங்காலம் சூரியன் தாழ இறங்கி நேரா நம்ம கண்ணுல அடிக்கும், இருட்டும் சீக்கிரம். அதனால பதினோரு மணிலேர்ந்து ரெண்டரை மூணு வரைக்கும்தான் நமக்கான நேரம், மழை பெஞ்ச மறுநாள் வேண்டவே வேண்டாம். நிறைய தோட்டங்கள்ல குளிர் நெருங்க நெருங்க மூடற நேரத்த முன்னுக்கு கொண்டு வந்துடுவாங்க, உள்பக்கம் தூரமா போயிட்டு மணி அடிச்சதும் பதறி தள்ளிட்டு வர்ற நிலைமை வேண்டாம். எந்த நேரத்துல எந்தப் பக்கம் இலைய அள்ளுவாங்கன்னு போன்ல கேட்டு வச்சுக்கலாம், அள்ளி முடிச்ச பக்கத்துல முதல்ல போயிடலாம்.

கைக்கு, உள்ளங்கையில ரப்பரோ தோலோ வச்ச கிளவுஸ் ரெண்டு ஜோடி. ஒண்ணு நனைஞ்சதும் அடுத்தது. கம்பளி கிளவுஸ் ரிம்ல வழுக்கும், ஈரத்த வேற உறிஞ்சும். ஒரு சின்ன துண்டு, ரிம் தொடைக்க. டயருக்கு கிளம்பறதுக்கு முன்னாடி காத்து அடிங்க, குளிர்ல காத்தழுத்தம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இறங்கின டயர்ல தள்ளறது ரெண்டு மடங்கு வேலை. ஜல்லி, மண்ணு, இலைக்குவியல் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு வழி வேணும்னா, கால்பலகைக்கு முன்னாடி மாட்டற பெரிய ஒத்தைச் சக்கரம் கிடைக்குது, ஃப்ரீவீல்ங்கற பேருல ஒண்ணு பிரபலம். அத மாட்டினா சின்ன முன் சக்கரம் ரெண்டும் தரையிலேர்ந்து தூக்கிக்கும், கொட்டையும் கல்லும் ஒரு விஷயமே இல்லாம போயிடும். எல்லா சேருக்கும் பொருந்தாது, கால்பலகை மடங்காத ஃபிரேமா இருந்தா நல்லா பொருந்தும், வாங்கறதுக்கு முன்னாடி மாட்டிப் பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் முன் சக்கரத்த தூக்கிப் பாருங்க, இலைக்காம்பும் நாரும் அச்சுல சுத்தியிருக்கும், அப்படியே விட்டா பேரிங் போயிடும்.

எலக்ட்ரிக் வீல்சேர் வச்சிருக்கேன். குளிர்ல பேட்டரி பாதியில நின்னுடுமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான். குளிர்ல பேட்டரிக்குள்ள நடக்கிற வேதிவினை மெதுவாகும். லெட் ஆசிட் வகைன்னா 0 டிகிரி கிட்ட போகும்போது அதோட திறன் சுமார் ஐஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் குறையலாம், லித்தியத்துக்கும் குறையும். அதோட நனைஞ்ச மண்ணு, இலைக்குவியல், மேடு எல்லாம் மோட்டார கூடுதலா இழுக்க வைக்கும். கம்பெனி சொன்ன கிலோமீட்டர கணக்குல எடுக்காதீங்க. பாதி சார்ஜ் காட்டும்போது நீங்க வாசல் கேட் பக்கம் திரும்பியிருக்கணும்.

ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்க, மரத்துலேர்ந்து சொட்டற தண்ணியே போதும் அத கெடுக்க. புல்வெளி பக்கம் இந்த சீசன்ல இறங்காதீங்க. சேரும் ஆளும் சேர்ந்து நூத்தம்பது இருநூறு கிலோ வந்துடும், நனைஞ்ச புல்லுல நின்ன இடத்துல திரும்பினா சக்கரம் குழி தோண்டி உக்காந்துடும், நாலு பேர் வந்தாலும் தூக்கறது கஷ்டம். வீட்டுக்கு வந்த உடனே சார்ஜ் போடாதீங்க, பேட்டரி அறை வெப்பத்துக்கு வரட்டும். உறையற குளிர்ல லித்தியம் பேட்டரிய சார்ஜ் பண்ணா நிரந்தரமா கெட்டுப் போகும்.

நிறம் எப்ப உச்சத்துல இருக்கும்? உக்காந்த உயரத்துலேர்ந்து எந்த மரம் பாக்க நல்லா இருக்கும்? எல்லாரும் மேல மேல பாக்கறாங்க, எனக்கு கழுத்துல பிரச்சனை, அண்ணாந்து பாக்க முடியாது.

இந்தக் கேள்விய படிச்சதும் சந்தோஷமாயிடுச்சு, ஏன்னா எல்லாரும் பாதையப் பத்தியே கேட்டாங்க, நீங்க மரத்தப் பத்தி கேட்டிருக்கீங்க.

பகல் குறைய ஆரம்பிச்சதும் இலையில இருக்கிற பச்சையம் சிதைய ஆரம்பிக்கும். மஞ்சள் நிறம் கரோட்டினாய்டு, அது முன்னாடியே இலையில இருக்கறதுதான், பச்சை போனதும் வெளிய தெரியும். சிவப்பு அப்படியில்ல, ஆந்தோசயனின்னு ஒரு நிறமிய மரம் அப்பத்தான் புதுசா தயாரிக்குது. பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளிர் ஆனா உறைபனி இல்லாம இருந்தா அந்த வருஷம் சிவப்பு பிரமாதமா வரும். அதனால தேதிய முன்னாடியே கல்லுல செதுக்காதீங்க, தோட்டத்துக்காரங்க வாராவாரம் போடற நிலவரத்த பாத்துட்டு கிளம்புங்க. ஜின்கோ மரத்துக்காக போறீங்கன்னா தள்ளிப் போடவே கூடாது. முழு மரமும் பொன் மஞ்சளா நிக்கும், ஒரு கடுங்குளிர் ராத்திரி வந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல மொத்த இலையும் கொட்டிடும். கியூல 1762ல நட்ட ஜின்கோ ஒண்ணு இன்னும் நிக்குது. ஒரு எச்சரிக்கை, பெண் ஜின்கோ மரத்தோட பழுத்த விதை கீழ கிடந்தா அது மேல சக்கரம் ஏத்தாதீங்க, பியூட்டிரிக் அமிலம் இருக்கறதால நாத்தம் தாங்காது, டயர்ல ஒட்டினா ரிம் வழியா கைக்கு வரும், கையிலேர்ந்து எல்லாத்துக்கும் போகும்.

உக்காந்திருக்கும்போது நம்ம கண்ணு தரையிலேர்ந்து 1.1 லேர்ந்து 1.2 மீட்டர் உயரத்துல இருக்கும். அந்த உயரத்துக்கு ஜப்பான் மேப்பிள் மாதிரி ஒரு மரம் கிடையாது, மெதுவா வளரும், தாழ்வா கிளை விரிக்கும், நிக்கறவங்க குனிஞ்சு பாக்க வேண்டிய உள்பக்கம் நமக்கு நேரா தெரியும், அதுவும் வெயில் மறுபக்கம் அடிச்சா இலை ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள விளக்கு ஏத்தின மாதிரி இருக்கும். காலிகார்ப்பா புதர்ல ஊதா நிறத்துல கொத்துக்கொத்தா காய் வரும், அது சரியா மடி உயரம். கட்சுரா மரம் பெருசுதான், ஆனா அத பாக்கவே வேண்டாம், கீழ விழுந்த இலை சர்க்கரைப் பாகு காய்ச்சற வாசனை அடிக்கும், பாதையோரமா நிறுத்திட்டு மூச்சு இழுத்தா போதும்.

உயரமான மரங்கள அண்ணாந்து பாக்காம தூரத்துலேர்ந்து பாருங்க. ஏரிக்கு இந்தக் கரையில நின்னா அந்தக் கரை மரம் முழுசா தெரியும், தண்ணியில நிழலும் விழும். ஆனா பாலத்து மேல நிக்காதீங்க, கைப்பிடிக் கம்பி சரியா நம்ம கண்ணுக்கு நேரா வந்து எல்லாத்தையும் மறைக்கும். கியூல 2008ல திறந்த ஒரு மரவுச்சி நடைபாலம் இருக்கு, தரையிலேர்ந்து 18 மீட்டர் உயரத்துல, லிஃப்ட் உண்டு. மேல போனா மர உச்சிகளே கண்ணுக்கு நேரா வந்துடும், கழுத்துக்கு வேலையே இல்ல. அன்னிக்கு லிஃப்ட் ஓடுதான்னு மட்டும் காலையில கேட்டுட்டுப் போங்க, எங்க போனாலும் லிஃப்ட் விஷயத்துல இந்தப் பழக்கம் நல்லது.

டோக்கியோ பக்கம் போற வாய்ப்பு இருந்தா ஷின்ஜுகு கியோயென் தோட்டத்துல நவம்பர் முதல் பாதியில சாமந்திக் கண்காட்சி நடக்கும், கூரை போட்ட பந்தல்களுக்குள்ள வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, பந்தலுக்கு முன்னாடி நின்னு நேரா பாக்கலாம், அண்ணாந்து பாக்கற தேவை அங்க வராது.

முதுகுத் தண்டுல அடிபட்டு இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்ல. குளிர்ல ரெண்டு மணி நேரம் வெளிய இருக்கலாமா அக்கா?

உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க, குறிப்பா அடி மேல் முதுகுலயோ கழுத்துலயோ பட்டிருந்தா. அந்த மட்டத்துக்கு கீழ உடம்புக்கு நடுக்கமும் வராது, குளிருதுன்னும் தெரியாது, உடம்பு வெப்பம் நாம அறியாமலே இறங்கிடும். கால தொட்டுப் பாக்கறத வழக்கமா வச்சுக்கங்க, முக்கால் மணிக்கு ஒருக்கா ஏதாவது கண்ணாடிக் குடிலுக்குள்ள போய் சூடாகிட்டு வாங்க. சுடுதண்ணிப் பைய மடியிலயோ கால்லயோ வைக்கவே வைக்காதீங்க, தோல் வெந்து கொப்புளம் வந்தாலும் உங்களுக்கு தெரியாது. போர்வைய தொடைக்கு அடியில சொருகி வைங்க, தொங்கற முனை சக்கரத்துல சுத்திக்கும். குஷன் நனையாம பாத்துக்கங்க, ஈரத்துல தோல் சீக்கிரம் புண்ணாகும். உடம்ப தூக்கி அழுத்தம் குறைக்கறத பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா போன்ல அலாரம் வச்சு செய்யுங்க, மரத்த பாத்துட்டே இருந்தா மறந்துடும்.

இன்னொன்னு, டாய்லெட் தூரம்ங்கறதுக்காக தண்ணி குடிக்காம போறவங்க நிறைய பேர். சிறுநீர்த் தொத்து வந்தா ரெண்டு வாரம் படுக்கைதான். அத விட டாய்லெட் கிட்ட இருக்கிற வட்டத்த தேர்ந்தெடுங்க. பிரிட்டன்ல ரேடார் கீ, ஜெர்மனி பக்கமெல்லாம் யூரோ கீன்னு ஒரு சாவி இருக்கு, ஒரே சாவி நிறைய பொது டாய்லெட்ட திறக்கும், பயணத்துக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்கலாம்.

குடும்பத்தோட போனா ரொம்ப வலிக்குது. கேக்காமலே பின்னாடியிலிருந்து புடிச்சு தள்றாங்க, அப்புறம் "நீ இங்கயே இரு, நாங்க மேல போய் பாத்துட்டு வந்துடறோம்"னு ஒரு பெஞ்ச் பக்கத்துல நிறுத்திட்டு போயிடறாங்க. சொன்னா கோவிச்சுப்பாங்களோன்னு சொல்றதில்ல.

சொல்லுங்கம்மா. அந்த பெஞ்ச் பக்கம் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், குளிர் ஏறும், போறவங்க வர்றவங்க பரிதாபமா பாப்பாங்க, நேரம் நகராது. அவங்க கெட்டவங்க இல்ல, யோசிக்கல, அவ்வளவுதான். யோசிக்க வைக்கறதுக்கு நீங்க வாயத் திறந்தாகணும்.

பூங்காவுல நின்னுட்டு சொன்னா சண்டையா மாறும், வீட்டுலயே கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லுங்க. மேப்ப நீங்க எடுத்துட்டு உக்காருங்க, இந்த வட்டத்துல எல்லாரும் சேர்ந்து போறோம்னு சொல்லுங்க, படி ஏறி பாக்கணும்கறவங்க ரெண்டு ரெண்டு பேரா மாறி மாறி போகட்டும், ஒருத்தர் எப்பவும் உங்க கூட இருக்கட்டும், காவலுக்கில்ல, பேச்சுத் துணைக்கு. தள்றதப் பத்தி, கேக்காம தொடாதீங்கன்னு நேரடியாவே சொல்லலாம். நீங்க ரிம்ல கை வச்சிருக்கும்போது பின்னாடி யாராவது தள்ளினா விரல் சக்கரத்து ஆரக்கம்பியில மாட்டும், இத காரணமா சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கைப்பிடி கழட்டற மாதிரி சேரா இருந்தா கழட்டிடுங்க. பின்னாடி நடந்துட்டே பேசினா காதுல விழாது, பக்கத்துல நடங்கன்னும் சொல்லுங்க, பாதை ரெண்டு பேருக்கு அகலமா இருக்கறதும் வட்டத்த தேர்ந்தெடுக்கறப்ப பாக்க வேண்டிய விஷயம்.

இத்தனையும் சொல்லியும் மாறலன்னா, ஒரு தடவை ஒரு சிநேகிதியோட மட்டும் போயிட்டு வாங்க. உங்க வேகத்துல, உங்களுக்கு பிடிச்ச மரத்துக்கு முன்னாடி இஷ்டத்துக்கு நின்னு.

நாங்க போன அன்னிக்கு மேப்ல வீல்சேர் பாதைன்னு போட்டிருந்தத கயிறு கட்டி மூடியிருந்தாங்க, மாத்துப் பாதையில படி. அப்படியே திரும்பிட்டோம். புகார் பண்ணி பலன் உண்டா?

உண்டுங்க ஐயா. ஆனா கோவத்த மட்டும் எழுதினா "வருந்துகிறோம்"னு ஒரு வரி பதில் வரும். தேதி, நேரம், எந்தப் பாதை, மேப்ல என்ன போட்டிருந்தது, அங்க என்ன இருந்தது, ரெண்டு போட்டோ, இத அனுப்புங்க. என்ன வேணும்னும் நீங்களே சொல்லுங்க. பாதை மூடற அன்னிக்கு வெப்சைட்லயும் கேட்லயும் எழுதணும், மாத்துப் பாதை படியில்லாததா இருக்கணும், வீல்சேர் வட்டத்துல இலைய முதல்ல அள்ளணும், டிக்கெட் காச திருப்பித் தரணும். இதுல எதுவும் அவங்களால முடியாத விஷயம் இல்ல.

2006ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில 30ஆவது பிரிவு பொழுதுபோக்கையும் சுற்றுலாவையும் பத்தியே பேசுது, அந்த இடங்களுக்கு நாம போய் வர வழி செய்யறது அந்த உடன்படிக்கைய முறைப்படி ஏத்து உறுதி செஞ்ச நாடுகளோட கடமை. அந்த வரிய கடிதத்துல சேருங்க. மாசம் ஒண்ணாகியும் பதில் வரலன்னா அதே கடிதத்த அந்தத் தோட்டத்த நடத்தற நகராட்சிக்கோ அறக்கட்டளைக்கோ அனுப்புங்க, முதல் கடிதத்தோட நகல் இணைச்சு. வர்ற பதில எனக்கும் ஒரு பிரதி அனுப்புனீங்கன்னா அடுத்த இதழ்ல போடறேன், அதே தோட்டத்துக்கு போக நினைக்கிறவங்களுக்கு உதவும்.